வலி சொல்லுதல்

ஐப்பசி பிறந்து பதினோராம் நாள் காலையில் சந்தனமாரிக்கு வலது குதிகாலில் வலி வந்தது. முதலில் ஆணியை வைத்து மெதுவாக அடித்ததுபோல ஒரு குத்து. பிறகு வெடிப்பு வெடிப்பாகப் பிரிந்து பாதம் முழுக்க எரிந்தது. அடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை. வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்த்து, "எக்கா, எனக்கு வலி வந்துட்டு" என்றாள்.

முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த லூர்தம்மாள் நிமிர்ந்தாள். "எந்தக் கால்?"

"வலது."

"இடது?"

"நேத்தே லேசா சொன்னுச்சு. நான்தான் நம்பல."

"சரி, நல்லாரு" என்றாள் லூர்தம்மாள். உப்பளத்தில் பெண்களுக்குக் கங்காணி அவள்தான். யார் யாருக்கு வலி வந்தது என்பதை மனசிலேயே வைத்திருப்பாள்.

அந்தக் காலனியில் நூற்று நாற்பது வீடுகள். எல்லாரும் உப்பளத்து ஆட்கள். தை மாதம் பாத்தி மிதிக்க இறங்கினால் புரட்டாசி முடியும்வரை கால் உப்புத் தண்ணீரில்தான். உப்பு தோலைத் தின்னும். வெடிப்பில் இறங்கும். முதலாளி கொடுக்கிற பூட்ஸ் ஒரே மாதத்தில் விறைத்துப்போய் காலை அரம் மாதிரி அறுக்கும். அதனால் கடைசிப் பாத்தியின் அடியில் ரத்தம் கலந்ததுபோலப் படிகிற செஞ்சேற்றை அள்ளி, வேலைக்கு இறங்குமுன் காலில் பூசிக்கொள்வார்கள். கால் மணி நேரத்தில் மரத்துவிடும். நடக்கலாம், மிதிக்கலாம், உப்பு வாரலாம். வலி மட்டும் இருக்காது.

மழை பிடித்தால் அளம் முழுகிவிடும். சேறு கிடையாது, வேலை கிடையாது, கூலி கிடையாது. மழைத்தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு வலி திரும்புவதற்காகக் காத்திருப்பார்கள். வந்ததும் தெருவில் சொல்ல வேண்டும். வலி சொல்லாத ஆளைத் தை மாதம் கங்காணி பாத்தியில் இறக்கமாட்டாள். இதை யாரும் வைத்தியம் என்று நினைத்ததில்லை. பிள்ளை பிறந்தால் அடுத்த வீட்டில் சொல்வதில்லையா, அதுபோல இதுவும் ஒன்று.

அன்று பதினோரு மணிவாக்கில் வாரியத்திலிருந்து அதிகாரி வந்தாள். பெயர் நறுமுகை, முப்பது வயதிருக்கும். ரோட்டில் தண்ணீர் நின்றதால் காரை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மைல் நடந்து வந்திருந்தாள். செடி, கிருமி, நாட்டு வைத்தியம் என்று மக்களிடமிருந்து எடுத்ததை வைத்துச் சம்பாதிக்கிற கம்பெனிகளிடம் பங்கு வாங்கிக் கொடுக்கிற வாரியம் அது. ஏழு வருஷத்துக்கு முன் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தபோது, பாத்திக்குக் கூட்டிப்போய்ச் சேற்றைக் காட்டியவள் சந்தனமாரி. அதனால் காகிதத்தில் 'அறிவு வழங்கியவர்' என்ற இடத்தில் அவள் பெயர். கையெழுத்தும் அவள்தான் போட வேண்டும். அளத்துப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி என்பதால் லூர்தம்மாளும் வந்து உட்கார்ந்தாள்.

"மொதல்ல ஒரு வாய் சாப்புடுங்க. கஞ்சியும் சாளைக் கருவாடும் இருக்கு" என்றாள் சந்தனமாரி.

"வேண்டாம்மா, பசியில்ல. காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல, இருந்தும் பசிக்கல" என்று சிரித்தாள் நறுமுகை. கோப்பைப் பிரித்தாள். "உங்க செஞ்சேத்துல ஒரு கிருமி இருக்கு. உப்புலயே வாழற கிருமி. வலியை மூளைக்குக் கொண்டுபோற நரம்பை அது தூங்க வைக்குது. அந்தக் கிருமியோட மரபணுவை எடுத்து கம்பெனி ஊசியா பண்ணியிருக்கு. நோவிலின்னு பேரு."

"ஊசின்னா தெனமும் குத்துவாவளோ?" என்றாள் லூர்தம்மாள்.

"இல்ல. வருஷத்துக்கு ஒண்ணு போதும். ஊசி உடம்புக்கு அந்த வேலையைச் சொல்லிக் குடுத்துடும். அப்புறம் உடம்பே அந்த மருந்தைச் சுரக்கும்."

"ஏட்டி சந்தனம், கேட்டியா. நாம சேத்த அள்ளிக்கிட்டு அலையுதோம். அவன் மனுச உடம்பையே பாத்தியா வெட்டிப்புட்டான்."

மூவரும் சிரித்தார்கள். "எத்தன பேரு போட்டிருக்காவ?" என்று கேட்டாள் சந்தனமாரி.

"நாப்பது லட்சம் பேருக்கு மேல. கிடங்கு, கட்டட வேலை, தேயிலைத் தோட்டம், நின்னு வேலை பாக்கற எல்லா எடத்துலயும் போடறாங்க. எங்க ஆபீஸ்லயும் போட்டாங்க. எனக்கு இடுப்பு வலி உயிர் போகும். இப்ப இல்ல." பக்கத்தைத் திருப்பினாள். "அதுல உங்களுக்கு உள்ள பங்கை வாரியம் பேசி முடிச்சிடுச்சு. மழை மாசம் மூணுக்கும் வீட்டுக்கு நாளொண்ணுக்கு அறுநூறு ரூபாய். முப்பது வருஷத்துக்கு."

லூர்தம்மாள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மழை மாதங்களில் அந்தக் காலனி எப்படி இருக்கும் என்று வெளியாளுக்குத் தெரியாது. கார்த்திகை பாதியில் வட்டிக்காரர்கள்கூட வருவதில்லை, கேட்டால் கிடைக்காது என்று தெரியும். பிள்ளைகளைப் பகலிலேயே தூங்கச் சொல்வார்கள். தூங்கினால் ஒரு வேளைச் சோறு மிச்சம்.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒரு தடவை சரி பாத்துக்கலாம்" என்றாள் நறுமுகை. "நீங்க சொன்ன முறை பதிவு பண்ணியிருக்கு. எல்லாத்தையும் முழுசா சொல்லிட்டேன்னு நீங்க ஒத்துக்கணும்." போனை எடுத்துத் தட்டினாள்.

ஏழு வருஷத்துக்கு முந்தைய சந்தனமாரியின் குரல் கேட்டது. பின்னால் பாத்தியில் காற்று. "தெனமும் பூசுவோம். வேலைக்கு எறங்க முன்ன பூசணும். தெனமும் பூசுனாத்தான் நிக்க முடியும்."

சந்தனமாரி தலையாட்டினாள். பேனாவை வாங்கினாள். பிறகு, சும்மா, பேச்சுவாக்கில்தான் கேட்டாள்.

"மழைக்கு என்ன செய்யுதாவ?"

"எந்த மழைக்கு?"

"மழை மாசத்துக்கு. ஊசி போட்டவிய."

நறுமுகைக்குப் புரியவில்லை. "மழைக்கும் ஊசிக்கும் என்னம்மா? அவங்க வேலை கிடங்குக்குள்ள. மழை பேஞ்சாலும் வேலை நடக்கும்."

"நடுவுல நிறுத்துவாவல்லா? வலி வரணும்லா?"

"வலி வராம இருக்கத்தானே ஊசி. ஒண்ணோட வேகம் முடியறதுக்கு முன்னாடியே அடுத்தது போட்டுடுவாங்க."

சந்தனமாரியின் கையிலிருந்த பேனா தாளில் ஒரு கோடு இழுத்து நின்றது. வெளியே மழை வலுத்தது.

ஆராய்ச்சிக்காரர்கள் வந்தது பங்குனியில். கொளுத்துகிற வெயில். எப்படிப் பூசுவீங்க, எவ்வளவு பூசுவீங்க, எத்தனை தடவை பூசுவீங்க என்று கேட்டார்கள். எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்கவில்லை. அவர்கள் கேட்காததால் இவள் சொல்லவில்லை என்பதுகூடச் சரியில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. மழைக்கு நிற்காத வேலை ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"எக்கா" என்றாள் லூர்தம்மாளைப் பார்த்து.

"வாய மூடு" என்றாள் லூர்தம்மாள்.

"நம்ம அண்ணாச்சி…"

"ஏட்டி, வாய மூடிட்டு ஒப்பத்தைப் போடு. நாம ஒண்ணும் மறைக்கல. அவிய கேக்கல."

நறுமுகை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி?"

சந்தனமாரிக்கு அதற்குள் வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. மகள் இசக்கிப்ரியா சென்னைக்கு மேற்கே ஒரு சாமான் கிடங்கில் வேலை பார்க்கிறாள். மூன்று வருஷம் ஆகிறது. சேரும்போது ஏதோ ஊசி போட்டார்கள் என்று சொல்லியிருந்தாள். காய்ச்சல் ஊசி என்று இவள் நினைத்துக்கொண்டாள். அளத்தில் கால் வைக்க விடக்கூடாது என்று பன்னிரண்டு வயதிலேயே ஹாஸ்டலில் சேர்த்த பிள்ளை. அவள் ஒரு நாளும் சேறு பூசியதில்லை. ஒரு நாளும் வலி சொன்னதில்லை.

போனை எடுத்தாள். இரண்டு தடவை விரல் தப்பாகப் பட்டது.

"எம்மா, சாப்பாட்டு நேரத்துல கரெக்டா போடுதியே" என்று இசக்கிப்ரியாவின் குரல் வந்தது.

"சாப்ட்டியா?"

"இனிமத்தான். போன்ல மணி அடிச்சாத்தான் சாப்புடுதேன். பசியே எடுக்க மாட்டேங்கு. எளச்சிட்டேன்னு இங்க எல்லாப் பிள்ளைகளுக்கும் பொறாமை."

"எத்தன நாளா?"

"தெரியல. ஆவணி இருக்கும். ஏன்?"

"ஊசி போட்டாவள்லா, அது பேரு என்ன?"

"நோவிலி. நம்ம ஊரு சரக்குதான்மா அது, போன மாசம்தான் போன்ல படிச்சேன். சூப்பர்வைசர்ட்ட சொன்னேன், எங்கம்மா கண்டுபிடிச்சதுன்னு. நம்பல. மூணு போட்டாச்சு, கடைசி ஊசி ஆடியில." அவள் சிரித்தாள். "கேளு, போன வாரம் ஒரு கூத்து. பாதத்துல எலும்பு முறிஞ்சு மூணு நாள் நடந்திருக்கேன். எனக்கே தெரியல. செருப்புக்குள்ள கால் போகலன்னுதான் டாக்டர்ட்ட போனேன். கட்டுப் போட்டு அனுப்பிட்டாவ. ஒரு நாள்கூட லீவு போடலன்னு பரிசு வேற."

சந்தனமாரி சுவரில் சாய்ந்துகொண்டாள். "இன்னைக்கே பொறப்பட்டு வா."

"லீவு கெடையாதும்மா. ஸ்கோர் போயிரும்."

"நான் செத்துட்டேன்னு சொல்லிட்டு வா" என்று போனை வைத்தாள்.

சந்தனமாரி நறுமுகையின் பக்கம் திரும்பினாள். "அதிகாரியம்மா, நான் முழுசா சொல்லல. சேத்த மூணு மாசம் நிறுத்தணும். வலி வந்தாத்தான் மறுபடி பூசலாம். நிறுத்தலன்னா மேல ஏறும்."

"என்ன ஏறும்?"

"மரப்பு."

நறுமுகை கோப்பை மூடினாள். குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, யோசிச்சுப் பேசுங்க. இதை நான் எழுதினா 'அறிவை மறைத்தார்'னு ஒரு பிரிவு வரும். பங்கு அப்படியே நிக்கும். அதுக்கு மேல, ஊசியால யாருக்காவது ஏதாவது ஆனா கம்பெனி உங்க பேரைக் காட்டும். அப்படித்தான் ஒப்பந்தம் எழுதியிருக்கு."

"கேட்டியா?" என்றாள் லூர்தம்மாள். "நூத்தி நாப்பது வீட்டு அடுப்புட்டி. ஒம் மவள வரச் சொல்லிட்ட. அவள நாம பாத்துக்கிடுவோம். மத்தவன்லாம் யாரு நமக்கு?"

சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் தரையைப் பார்த்தாள். வாசற்படியிலிருந்து நறுமுகையின் நாற்காலி வரைக்கும் சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஒரு பாதத்தின் தடம், ஒன்றுவிட்டு ஒன்று.

"எம்மா, ஒங்க கால்ல ரத்தம்."

நறுமுகை காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் சிப்பித் துண்டு ஒன்று விரல்கணு ஆழத்துக்கு ஏறியிருந்தது. ரோட்டிலிருந்து வருகிற வழியில் ஏறியிருக்க வேண்டும். அதோடு நடந்து வந்து, முக்கால் மணி நேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அடுத்தவர் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு எத்தன ஊசி?" என்று கேட்டாள் சந்தனமாரி.

"ரெண்டு. ரெண்டாவது போன வருஷம் புரட்டாசியில. மூணாவதுக்குத் தேதி தாண்டிடுச்சு, ஊர் சுத்தற வேலை, போக முடியல."

"கடைசியா எப்பம்மா ஒங்களுக்குப் பசிச்சுது?"

நறுமுகை பதில் சொல்ல வாயைத் திறந்தாள். யோசித்தாள். ஜன்னல் பக்கம் பார்த்து மறுபடியும் யோசித்தாள். சிப்பித் துண்டை மடியில் வைத்துவிட்டு விரல்விட்டு மாதங்களை எண்ணத் தொடங்கினாள்.

லூர்தம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, பழைய துணியைக் கிழித்துக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து அந்தக் காலைக் கட்டினாள். கட்டிக்கொண்டே பேசினாள்.

"இவ சொன்ன அண்ணாச்சி எங்க வீட்டுக்காரருதான். பேரு கோயில்பிச்சை. பதினெட்டு வருசம் முன்ன. அந்த மழைக்கு வீட்டுல ஒண்ணுமில்ல. உப்புக் கிட்டங்கியில மூட்டை தைக்க ஆள் எடுத்தாவ, மழையிலும் வேலை. இவரு முன்கூட்டியே ஒரு பானைச் சேறு எடுத்து வச்சிருந்தாரு. தெனமும் பூசிட்டுப் போனாரு. நான் வேண்டாம்னு சொல்லல. கூலி வந்துச்சு." முடிச்சை இறுக்கினாள். "கார்த்திகையில பசியில்லன்னாரு. அவரு பங்குச் சோத்தையும் பிள்ளையள் தின்னுச்சு, எனக்குச் சந்தோசம். பொறவு ஒண்ணுக்குப் போறது தெரியல. சுடுகஞ்சியக் குடிச்சு வாயெல்லாம் வெந்துபோச்சு, அதுவும் தெரியல. மார்கழியில ஒரு நாள் மத்தியானம் கிட்டங்கியில மூட்டைமேல படுத்தாரு. மூச்சு முட்டுனா உடம்பு முழிச்சுக்கிடும்லா? அவரு உடம்புக்கு அது முட்டுனதே தெரியல."

நறுமுகை போனில் பதிவை அழுத்தியிருந்தாள். எப்போது அழுத்தினாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"சேத்தைக் கழுவினா போயிடும்" என்றாள் அவள், தனக்கே சொல்வதுபோல. "ஊசியைக் கழுவ முடியாது. அளவு குறைச்சல், அதனால மெதுவா ஏறுது. ஆனா உள்ளேயே ஊறுது."

"அப்பம் மழை உள்ள பெய்யணுமே" என்றாள் சந்தனமாரி.

"மழைத்தண்ணில என்னம்மா இருக்கு? தண்ணி குணப்படுத்துதா, இல்ல நாள்தானா?"

"எங்களுக்குத் தெரியாது. ரெண்டும் சேந்துதான் வரும். பிரிச்சுப் பாத்ததில்ல."

சந்தனமாரி கையெழுத்துப் போடவில்லை. கோடு விழுந்த தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டு, கட்டுப்போட்ட காலோடு நேராக நடந்து போனாள் நறுமுகை.

இசக்கிப்ரியா மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு காலில் மாவுக்கட்டு. அந்தக் காலையும் ஊன்றித் தெருவில் நேராக நடந்து வந்தாள். நொண்டியிருந்தால் சந்தனமாரிக்கு உயிர் திரும்பியிருக்கும்.

"நல்லாத்தான இருக்க? நீ சாகக் கெடக்கியோன்னு நெனச்சு பஸ்ல பாதி வழி அழுதுட்டு வாறேன்" என்றாள் மகள்.

சந்தனமாரி அவளை உட்காரவைத்து, மாவுக்கட்டை அறுத்துத் துணிக்கட்டாக மாற்றி, இரண்டு காலையும் மழைத்தண்ணீர்த் தொட்டியில் வைத்தாள். உடைமரத்து முள் ஒன்றை எடுத்துப் பெருவிரலில் குத்தினாள். இசக்கிப்ரியா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவிரலில் குத்தினாள். ஆடுசதையில் குத்தினாள். முழங்காலுக்கு மேல், தொடையில் குத்தியபோதுதான் மகள், "எம்மா, என்னத்தை வச்சு அழுத்துத?" என்று கேட்டாள்.

பிறகு தினமும் காலையில் அதுதான் வேலை. குத்து தெரியத் தொடங்குகிற இடத்தை மையால் குறித்து வைத்தாள். கார்த்திகை பிறந்தபோது குறி தொடையிலிருந்து இடுப்புக்குப் போயிருந்தது.

மத்தியானம் மகள் தூங்கினால் பக்கத்திலேயே உட்கார்ந்து நெஞ்சில் கையை வைத்துக்கொள்வாள். கை ஏறும், இறங்கும். ஏறாமல் நின்றால் தோளைப் பிடித்து உலுக்குவாள். "மூச்சு விடு" என்பாள். இசக்கிப்ரியா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பாள்.

"நான் செத்தா மொதல்ல ஒனக்குத்தாம்மா தெரியும். எனக்குத் தெரியாது" என்றாள் ஒரு நாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். சொன்னபிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து இசக்கிப்ரியா பகலில் தூங்குவதை விட்டுவிட்டாள்.

வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை பங்கு நிறுத்திவைக்கப்படுகிறது. கம்பெனியின் பதிலையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். ஊசிக்கும் சேற்றுக்கும் சம்பந்தமில்லை என்று அதன் முதல் பத்தி சொன்னது. சேற்றைப் பற்றிய முக்கியமான அறிவைச் சந்தனமாரி என்பவர் மறைத்துவிட்டார் என்று இரண்டாம் பத்தி சொன்னது. ஊசி போடுவது நிற்கவில்லை.

தெருவில் அவளோடு பேச்சு நின்றது. குழாயடியில் அவள் குடத்தைக் கடைசிக்கு நகர்த்தினார்கள். "நாளுக்கு அறுநூறு" என்று அவள் காதுபட ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். சந்தனமாரிக்குக் கோபம் வரவில்லை. அந்த வீட்டில் அன்று புகை வராததை அவளும் பார்த்திருந்தாள்.

லூர்தம்மாள் மட்டும் காலையில் வாசலில் வந்து நிற்பாள்.

"சொன்னாளா?"

"இல்ல."

போய்விடுவாள்.

கார்த்திகைக் கடைசியில் நறுமுகை திரும்பி வந்தாள். கையில் கோப்பு இல்லை, ஒரு துணிப்பை இருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது.

"நாப்பது லட்சம் பேருக்கும் தகவல் அனுப்பணும்னு எழுதிக் குடுத்தேன். மேலிடத்துல சாட்சி கேக்கறாங்க. ஒரு உப்பளத்துல ஒருத்தர் செத்தது சாட்சி இல்லையாம். நிறுத்தினா வலி வருதுன்னு யாராவது ஊசி போட்டவங்க காட்டணுமாம்." தொட்டியைப் பார்த்தாள். "நான் மூணாவது ஊசி போடல. லீவு போட்டுட்டு வந்திருக்கேன். இங்க இருக்கலாமா?"

"சோறு ஒரு வேளைதான்" என்றாள் சந்தனமாரி.

"எனக்குத்தான் பசிக்காதே" என்றாள் நறுமுகை. இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

இசக்கிப்ரியா காலை நகர்த்தி இடம் கொடுத்தாள். ஒரே தொட்டியில் நான்கு பாதங்கள். மையும் முள்ளும் இப்போது இரண்டு பேருக்கும். இரண்டு பேரும் மணி பார்த்துச் சாப்பிட்டார்கள், மணி பார்த்து ஒதுங்கினார்கள், ஒருத்தி தூங்கும்போது மற்றவள் அவள் மூச்சை எண்ணினாள். மழை குறைந்துகொண்டே வந்தது. சந்தனமாரி கிடைத்த பிளாஸ்டிக் டிரம்களையெல்லாம் கூரைத் தண்ணீருக்கு அடியில் வைத்தாள். தண்ணீர்தான் காரணமா என்று தெரியாது. தெரியாததால் ஒரு குடத்தைக்கூட விட முடியவில்லை.

மார்கழி பத்தொன்பதாம் நாள் காலையில் வானம் வெளுத்திருந்தது. சந்தனமாரி அடுப்பருகில் இருந்தாள்.

"அம்மா" என்று நறுமுகை கூப்பிட்டாள். சின்னக் குரல். "இங்க வாங்களேன். இது என்னன்னு தெரியல."

வலது காலைத் தொட்டியிலிருந்து தூக்கி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சிப்பி ஏறிய இடம் எப்போதோ ஆறி வடுவாகியிருந்தது. அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு கோணியது. "உள்ள யாரோ கிள்ளற மாதிரி இருக்கு. சூடா இருக்கு. இப்ப இன்னும் அதிகமா… அம்மா, இதுவா?"

சந்தனமாரி முள்ளை எடுக்கவில்லை. விரலால் லேசாகத் தொட்டாள். நறுமுகை பல்லைக் கடித்துக்கொண்டு காலை இழுத்தாள்.

"எந்திரிங்க. வாசல்ல போயிச் சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"வலி வந்துட்டுன்னு."

சுவரைப் பிடித்து, நொண்டி நொண்டி, அவள் வாசலுக்குப் போனாள். முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாவது தடவை தெரு முழுக்கக் கேட்டது. "எனக்கு வலி வந்துட்டு."

குழாயடியில் நின்றவர்கள் திரும்பினார்கள். லூர்தம்மாள் வாசலில் எழுந்து நின்றாள்.

"எந்தக் கால்?"

"வலது."

"சரி, நல்லாரு" என்றாள் லூர்தம்மாள். குழாயடியில் இன்னொருத்தி, நாளுக்கு அறுநூறு என்று சொன்ன அதே ஆள், குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "நல்லாரு" என்றாள். பிறகு மூன்று நான்கு குரல்கள்.

நறுமுகை அங்கேயே உட்கார்ந்து, காலைப் பிடித்தபடி, போனில் தன்னைப் பதிவு செய்தாள். பெயர், ஊசி போட்ட தேதி, நிறுத்திய நாள், வலி வந்த நாள். சொல்லும்போது இரண்டு இடத்தில் வலியால் பேச்சு நின்றது. அதை அவள் வெட்டவில்லை. பிறகு, "சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

வீட்டுக்குள் இசக்கிப்ரியா தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதில் இப்போது இரண்டு பாதங்கள்தான். நறுமுகையின் ஊசி புரட்டாசியோடு வேகம் முடிந்தது. இவளுக்குப் போட்டது ஆடி வரைக்கும் ஊறும். ஆடிக்கு இன்னும் ஏழு மாதம். குறி நேற்றுக் காலை விலாவுக்கு வந்திருந்தது. மழை இன்றோ நாளையோ நின்றுவிடும்.

சந்தனமாரி முள்ளைக் கழுவி எடுத்துக்கொண்டு மகளின் முன்னால் உட்கார்ந்தாள்.

"குத்தட்டா?"

"குத்து" என்றாள் இசக்கிப்ரியா. கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "குத்திட்டியா?" என்று கேட்டாள்.

நூற்று நாற்பது வீட்டுக்கு மூன்று மாதப் பங்கு வர வேண்டியிருக்கிறது. அது வாரியத்தில் நிற்கிறது. அதற்கு முன்னால் அந்தக் கம்பெனி இசக்கிப்ரியாவுக்கு மூன்று வருஷத்து வலியைத் திருப்பித் தர வேண்டும். இன்னும் தரவில்லை.